'சில்ரன் ஆஃப் மென்': நாவலை விட்டு இவ்வளவு விலகிய படத்தை விமர்சகர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

வைகைக்கரை வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒரு நாவலையும் அதைத் தழுவி எடுக்கப்பட்ட படத்தையும் பற்றிப் பேசி வருகிறோம். இந்த மாதம் பி. டி. ஜேம்ஸ் 1992இல் எழுதிய 'தி சில்ரன் ஆஃப் மென்' நாவலையும், அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கத்தில் 2006இல் வெளிவந்த படத்தையும் எடுத்துக்கொண்டோம். நான் நாவலை முதலில் படித்து முடித்துவிட்டு, மறுநாள் இரவு படத்தைப் பார்த்தேன். படம் முடிந்தபோது எனக்கு ஏற்பட்டது ஒரு வகையான இழப்புணர்வு என்றுதான் சொல்ல வேண்டும்.

நாவல் 2021 ஜனவரி முதல் தேதி தொடங்குகிறது. பூமியில் கடைசியாகப் பிறந்த மனிதன் பியூனஸ் அயர்ஸ் நகரின் புறநகர்ப் பகுதியில் ஒரு மதுக்கடைச் சண்டையில் இறந்துபோன செய்தியை, தியோ என்னும் ஐம்பது வயது ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் தன் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறார். கால் நூற்றாண்டாகக் குழந்தையே பிறக்காத இங்கிலாந்தை அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரான ஸான் லிப்பியாட் 'வார்டன்' என்ற பெயரில் ஆள்கிறார். மக்கள் கேட்பதெல்லாம் பாதுகாப்பும் வசதியும் பொழுதுபோக்கும்தான். அவற்றைக் கொடுத்துவிட்டுச் சுதந்திரத்தை அவர் எடுத்துக்கொள்கிறார், யாரும் அதைப் பெரிதாக எதிர்ப்பதில்லை. பெண்கள் தள்ளுவண்டியில் பொம்மைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பூனைக்குட்டிகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். சவுத்வோல்டு கடற்கரையில் வெள்ளை அங்கி உடுத்திய முதியவர்களை இசைக்குழுவின் வாசிப்போடு படகில் ஏற்றி மூழ்கடிக்கும் அத்தியாயத்தைப் படித்தபிறகு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியில் நடந்துவிட்டு வந்தேன். 'தன்விருப்பச் சாவு' என்று அரசு சொல்லும் அந்தச் சடங்கில், படகிலிருந்து தப்பித்துக் கரையேற முயலும் ஒரு கிழவியைக் காவலன் துப்பாக்கியால் அடிக்கிறான். தியோவுக்கு அந்தப் பெண்மணியைத் தெரியும், அவர் தியோவின் பழைய ஆசிரியருடைய மனைவி.

படத்தில் இவை எதுவும் இல்லை. ஸான் இல்லை, கடற்கரைச் சடங்கு இல்லை, நாட்குறிப்பு இல்லை. கருவுற்றிருப்பவள் கூட நாவலில் வரும் ஜூலியன் அல்ல; படத்தில் ஜூலியன் அரைமணி நேரத்திற்குள் சுட்டுக் கொல்லப்பட, கீ என்னும் ஆப்பிரிக்க அகதிப் பெண் கருவைச் சுமக்கிறாள். இவ்வளவு மாற்றிய ஒரு படத்தை, இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்றாக விமர்சகர்கள் வைக்கிறார்கள். நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை நாவலை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு, கேமரா எப்படி நகர்ந்தது என்பதற்குப் போய்விடுகின்றன. வெளியான காலத்திலேயே இப்படித்தான் வரவேற்கப்பட்டதா, அல்லது மதிப்பு பின்னர் கூடியதா? நாவலை வாசித்தவர்களில் யாராவது, இந்த விலகலால் கதைக்கு நன்மை விளைந்தது என்று கருதுகிறீர்களா? விளக்கிச் சொன்னால் எங்கள் அடுத்த சந்திப்புக்குப் பெரிதும் உதவும்.

ஒளியும் நிழலும்

வணக்கம் நண்பரே. முதல் கேள்விக்கு என்னால் விரிவாகப் பதில் சொல்ல முடியும்; இந்தப் படத்தின் வரவேற்பு எப்படி மாறியது என்பதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறேன்.

படம் 2006 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லூபெஸ்கிக்கு அங்கே தொழில்நுட்பப் பங்களிப்புக்கான பரிசு கிடைத்தது. அதே மாதம் பிரிட்டனிலும், டிசம்பர் 25 அன்று அமெரிக்காவில் சில திரையரங்குகளில் மட்டுமாகவும் வெளியானது. மனித இனம் அழிந்துகொண்டிருக்கும் கதையைக் கிறிஸ்துமஸ் நாளில் பார்க்க யார் வருவார்கள் என்று அன்றே பலர் கேட்டார்கள். சுமார் 7.6 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், உலகெங்கும் ஓடி முடித்தபோது சுமார் 7 கோடி டாலர்தான் வசூலித்திருந்தது. தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்று பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை பெற்று, மூன்றிலும் வெல்லவில்லை. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் ஒளிப்பதிவுக்கும் தயாரிப்பு வடிவமைப்புக்கும் பரிசுகள் வந்தன.

ஆகவே விமர்சகர்கள் அன்று படத்தைப் புறக்கணித்தார்கள் என்று சொல்வது சரியன்று. பெரும்பாலோர் பாராட்டினார்கள், அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்கள் கொடுத்தார். ஆனால் அன்றைய பாராட்டின் மொழியைக் கவனித்தால், நீங்கள் சொல்லும் குறை அதில் இருப்பது உண்மைதான். காருக்குள் கேமரா சுழன்று சுழன்று வரும் அந்தத் தாக்குதல் காட்சி, பெக்ஸ்ஹில் அகதி முகாமில் ஆறு நிமிடங்களுக்கு மேல் நீளும் சண்டைக் காட்சி என்று 'ஒரே ஷாட்' பற்றிய வியப்பே எங்கும் நிறைந்திருந்தது. அந்தச் சண்டைக் காட்சியில் போலி இரத்தம் கேமராக் கண்ணாடியின் மேல் தெறித்தபோது குவாரோன் 'கட்' என்று கத்தியதும், வெடிச்சத்தத்தில் அது யார் காதிலும் விழாததும் எத்தனையோ கட்டுரைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை. இவற்றுள் சில காட்சிகள் தனித்தனியாக எடுக்கப்பட்டுக் கணினியில் ஒட்டப்பட்டவை என்பதும் பிறகு தெரியவந்தது. அதனால் அவற்றின் ஆற்றல் குறைந்துவிடவில்லை என்றாலும், விமர்சனம் தொழில்நுட்பத்தோடு நின்றுபோனதற்கு இந்த வியப்பு ஒரு காரணம்.

பார்வை மாறத் தொடங்கியது டிவிடி வெளியான பிறகுதான் என்பது என் கருத்து. அதில் தத்துவவாதி ஸ்லாவோய் ஜிஜெக் பேசியிருக்கிறார். படத்தின் உண்மையான கதை முன்னால் ஓடும் நாயகனிடத்தில் இல்லை, அவனுக்குப் பின்னால் தெரியும் உலகத்தில் இருக்கிறது என்பதும், அந்த ஒடுக்குமுறையை நேராக முன்னால் வைத்துக் காட்டியிருந்தால் நாம் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம் என்பதும் அவருடைய வாதம். 2009இல் பிரிட்டிஷ் பண்பாட்டு விமர்சகர் மார்க் ஃபிஷர் தன் 'கேப்பிட்டலிஸ்ட் ரியலிசம்' நூலையே இந்தப் படத்தோடுதான் தொடங்கினார். பேட்டர்சீ மின்நிலையக் கட்டடத்தில் உலகின் கலைச் செல்வங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் உயரதிகாரியின் சாப்பாட்டு அறை உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் பிக்காசோவின் 'கெர்னிகா' மாட்டப்பட்டிருக்கிறது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறார். இன்னும் நூறு ஆண்டுகளில் இதைப் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்களே என்று தியோ கேட்டால், அதைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை என்கிறார். அடுத்த தலைமுறை இல்லாதபோது ஒரு பண்பாடு எதற்காக, எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்ற கேள்வியை ஃபிஷர் அந்த அறையிலிருந்துதான் எழுப்புகிறார்.

நண்பரே, நாவலில் தியோ ஆக்ஸ்ஃபோர்டின் காலி வகுப்பறைகளில் நின்று கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுவே. அந்த வகையில் படம் நாவலைக் கைவிடவில்லை.

2015இல் அகதிகள் பெருந்தொகையாக ஐரோப்பாவுக்கு வந்ததும், 2016 ஜூனில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்ததும் படத்தை மீண்டும் பேச வைத்தன. அதே ஆண்டு பிபிசி உலகெங்குமுள்ள 177 விமர்சகர்களிடம் கேட்டுத் தொகுத்த இந்த நூற்றாண்டின் சிறந்த படங்களின் பட்டியலில் இது 13ஆம் இடத்தைப் பெற்றது. அப்போது எழுதியவர்களில் பலர் 'தீர்க்கதரிசனம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முகாமுக்குள் பேருந்து நுழையும்போது ஜன்னலுக்கு வெளியே, தலையில் முகமூடிப் பை மாட்டப்பட்டு நிற்கும் கைதிகளைப் பாருங்கள். அது ஈராக்கின் அபு கிரைப் சிறையிலிருந்து 2004இல் வெளிவந்த படங்களின் நேரடி நினைவு. முதல் காட்சியில் தியோ காப்பிக் கோப்பையோடு வெளியே வந்ததும் வெடிக்கும் கடையை, 2005 ஜூலையில் லண்டனில் குண்டுகள் வெடித்து சில வாரங்களே ஆகியிருந்தபோது அதே நகரத்தின் தெருவில் வைத்துப் படமாக்கினார்கள். 2027இல் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும், அந்தப் படம் காட்டியது தான் எடுக்கப்பட்ட காலத்தைத்தான். பத்தாண்டு கழித்து விமர்சகர்கள் அதை எதிர்காலமாக வாசித்தார்கள் என்றால், 2006இல் கண்முன்னே இருந்ததை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

தாமிரபரணி

வைகைக்கரை நண்பருக்கு வணக்கம். நாவலை நேசிக்கும் இன்னொருவரைச் சந்தித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நான் பாளையங்கோட்டையில் சிஎஸ்ஐ திருச்சபையில் வளர்ந்தவன். அடக்க ஆராதனைகளில் சிறு வயதிலிருந்தே 90ஆம் சங்கீதத்தைக் கேட்டு வந்திருக்கிறேன். "நீர் மனுஷரை நிர்த்தூளியாக்கி, மனுபுத்திரரே, திரும்புங்கள் என்கிறீர்" என்ற வசனத்தில் வரும் 'மனுபுத்திரரே' என்னும் விளிதான் இந்த நாவலின் தலைப்பு. ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெப நூலில் இந்தச் சங்கீதம் அடக்க ஆராதனைக்கு உரியது. ஜேம்ஸ் அந்த ஜெப நூலின் மொழியில் ஊறியவர். ஒரு மனித இனத்தையே அடக்கம் செய்யும் நாவலுக்கு அவர் அந்த ஆராதனையிலிருந்தே பெயர் எடுத்திருக்கிறார். நாவலின் இரு பாகங்களுக்கும் 'ஒமேகா', 'ஆல்ஃபா' என்று முடிவை முன்னாலும் தொடக்கத்தைப் பின்னாலும் வைத்துப் பெயரிட்டதும் இந்த நோக்கத்தோடுதான். படம் இந்தச் சமயத் தளத்தைக் கழற்றிவிட்டது என்று கிறிஸ்தவ வாசகர் பலர் வருந்தினார்கள். குவாரோன் நாவலின் சுருக்கத்தை மட்டுமே படித்தார், இணைத் திரைக்கதையாசிரியர் டிமோதி செக்ஸ்டன்தான் முழுமையாகப் படித்தார் என்ற செய்தி அந்த வருத்தத்தை இன்னும் கூட்டியது. நானும் நீண்ட காலம் அந்த வருத்தத்தில் இருந்தவன்தான்.

இருப்பினும், நாவலை மூன்றாம் முறை படித்தபோது முன்பு நான் கடந்துபோன ஒரு செய்தியில் நின்றுவிட்டேன். ஸானின் அரசு, உடல்நலம் உள்ள ஆண்களையும் பெண்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் கட்டாயமாக அழைத்துக் கருவளப் பரிசோதனை செய்கிறது. புதிய மனித இனம் பிறக்குமானால் அது குறையற்ற உடல்களிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பது அரசின் முடிவு. ஜூலியனின் இடது கை பிறவியிலேயே ஊனமுற்றது. ஆகவே அவளைப் பரிசோதனைக்கு அழைப்பதில்லை. குழந்தையின் தந்தையான லூக் என்னும் குருவானவருக்குச் சிறு வயதில் வலிப்பு நோய் இருந்தது, அவரையும் அழைப்பதில்லை. அரசு வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டு உடல்களிடத்தில்தான் 25 ஆண்டுகளுக்குப் பிறகு உயிர் வருகிறது. "வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லாயிற்று" என்ற வசனத்தை ஜேம்ஸ் எங்கும் மேற்கோள் காட்டவில்லை. ஆனால் கதையின் எலும்பு அதுதான்.

இப்போது படத்துக்கு வாருங்கள். 2027இன் பிரிட்டன் வேண்டாமென்று ஒதுக்குவது யாரை? கூண்டுகளில் அடைத்து, பேருந்தில் ஏற்றி, கடலோர முகாமில் கொண்டு கொட்டுவது யாரை? கருவை அகதிப் பெண்ணுக்கு மாற்றியபோது குவாரோன் ஜேம்ஸின் மைய எண்ணத்தைத் தன் காலத்துக்குப் பெயர்த்திருக்கிறார். முழு நாவலையும் படிக்காமலே அவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது எனக்குப் பெரிய வியப்பு. நான் பார்த்த விமர்சனங்களில் இதைச் சொன்னவர்கள் அரிது. நாவலைப் புகழ்ந்தவர்கள் படத்தை நாத்திகம் என்றார்கள், படத்தைப் புகழ்ந்தவர்கள் நாவலைப் பழமைவாதம் என்றார்கள்.

படிக்கட்டுக் காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். தியோவும் கீயும் குழந்தையோடு, குண்டுகள் துளைத்த அந்தக் கட்டடத்தின் மாடியிலிருந்து இறங்குகிறார்கள். குழந்தை அழுகிறது. அதுவரை காதைப் பிளந்த துப்பாக்கிச் சத்தம் தளம் தளமாக அடங்குகிறது. சுவரோரமாகப் பதுங்கியிருந்த பெண்கள் குழந்தையின் காலைத் தொடக் கை நீட்டுகிறார்கள். வெளியே வந்தால் இராணுவ வீரர்கள் வழிவிடுகிறார்கள்; சிலர் மண்டியிடுகிறார்கள், சிலுவை அடையாளம் இட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் கடந்துபோன சில நொடிகளில் ஒரு வெடிச்சத்தம், மீண்டும் சண்டை. அந்தச் சில நொடிகளை ஒரு ஜெபம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காகிதம்

தாமிரபரணி ஐயாவின் பதிவைப் படித்தபின் நாவலின் பரிசோதனை அத்தியாயத்தை எடுத்து மீண்டும் படித்தேன். நீங்கள் சொல்வது நாவலில் தெளிவாகவே இருக்கிறது. இதுவரை இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை, நன்றி. ஆனாலும் அந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. படத்தைப் பாராட்டிய முதல் அலை அடங்கிய பிறகு, பெண்ணியவாதிகளும் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வாளர்களும் முன்வைத்த மிக வலுவான எதிர்வாதம் அது.

நாவலின் ஜூலியனுக்கு நம்பிக்கை இருக்கிறது, அரசியல் இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது. தன் குழந்தை எங்கே, யார் கண்ணெதிரே பிறக்க வேண்டும் என்பதை அவளே முடிவு செய்கிறாள். அந்த முடிவை மற்றவர்கள் ஏற்றுத்தான் ஓடுகிறார்கள். படத்தின் கீயைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அவள் எந்த நாட்டிலிருந்து வந்தாள், யாரை இழந்தாள், இங்கிலாந்துக்கு எப்படி வந்தாள் என்பதையெல்லாம் படம் சொல்வதில்லை. ஒரு குழு அவளை அரசியல் கொடியாக ஆக்க நினைக்கிறது. இன்னொரு பக்கம் ஒரு வெள்ளைக்கார ஆண் அவளைக் காப்பாற்றிக்கொண்டு போகிறான். மனித குலத்தின் எதிர்காலம் ஒரு கறுப்பினப் பெண்ணின் உடலில் இருப்பதாகக் காட்டிவிட்டு, கதையின் துக்கத்தையும் மனமாற்றத்தையும் மட்டும் தியோவிடம் கொடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஒளியும் நிழலும் குறிப்பிட்ட 'பின்னணிதான் கதை' என்ற ஜிஜெக்கின் வாதம் இங்கே எனக்கு உறுத்துகிறது. பின்னணியில் கூண்டுக்குள் கையை நீட்டிக்கொண்டு அழும் அந்த மனிதர்களுக்கு அது பின்னணி இல்லை.

அதே சமயம் கீயாக நடித்த கிளேர்-ஹோப் அஷிட்டியின் நடிப்பு அந்தப் பாத்திரத்தை வெறும் அடையாளமாக விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் அவள் தன் வயிற்றை தியோவுக்குக் காட்டும் காட்சியை எல்லோரும் கன்னி மரியாளோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஆனால் பின்னர், தந்தை யார் என்று தியோ கேட்கும்போது, தான் கன்னி என்று முகத்தை மாற்றாமல் சொல்லிவிட்டு, அவன் திகைப்பதைப் பார்த்து அவள் சிரித்துவிடுகிறாள். விமர்சகர்கள் அவள் தலைக்குப் பின்னால் வைக்க நினைத்த ஒளிவட்டத்தை அவளே எடுத்து ஓரமாக வைக்கும் தருணம் அது. கடைசியில் படகில், தியோவின் இறந்துபோன மகன் பெயரான டிலன் என்பதைத் தன் பெண் குழந்தைக்கு வைப்பதும் அவளுடைய முடிவுதான். இத்தகைய தருணங்கள் இன்னும் நான்கைந்து இருந்திருந்தால் என் குறை பெருமளவு தீர்ந்திருக்கும்.

வைகைக்கரை வாசகர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டுப் படத்தை நேற்று மீண்டும் பார்த்தேன். முதல் முறை நாவலில் இருந்தவற்றைத் தேடிக்கொண்டே பார்த்ததால் இருப்பவற்றைத் தவறவிட்டிருக்கிறேன். நாவலின் கடற்கரைச் சடங்கு படத்தில் தொலைந்துபோனதாக நான் எழுதியது முழுவதும் சரியன்று. அதே பெயரில் அது ஒரு மாத்திரைப் பெட்டியாக மாறி, விளம்பரங்களில் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பெட்டியை வீட்டில் வைத்திருக்கும் தியோவின் நண்பர் ஜாஸ்பர், பேசவோ அசையவோ இயலாத தன் மனைவிக்கு அதைக் கொடுத்துவிட்டு, ஆயுதக்குழுவை எதிர்கொள்ள வெளியே வரும் இடத்தில், ஜாஸ்பராக நடித்த மைக்கேல் கெய்னின் முகத்தைப் பார்த்தபோது, சவுத்வோல்டில் அடிவாங்கிய அந்தக் கிழவிதான் என் நினைவுக்கு வந்தார். இசைக்குழுவும் வெள்ளை அங்கியும் இல்லாமல், ஒரு வீட்டின் வரவேற்பறைக்குள் அந்தச் சாவு நடக்கிறது. தாமிரபரணி ஐயா சொன்ன ஒதுக்கப்பட்ட உடல்கள் பற்றிய வாதத்தையும் முழு மனதோடு ஏற்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. நாவலின் முடிவில் தியோ ஸானைச் சுட்டுக் கொன்றுவிட்டு, இங்கிலாந்தின் அதிகாரத்துக்கு அடையாளமான மோதிரத்தை அவன் விரலிலிருந்து கழற்றித் தன் விரலில் போட்டுக்கொள்கிறான். குழந்தை பிறந்த அதே கொட்டகையின் வாசலில் இது நடக்கிறது. ஜூலியன் அந்த மோதிரத்தைப் பார்த்துவிட்டு, அது உன் விரலுக்காகச் செய்யப்பட்டதில்லை என்கிறாள். அவன் உடனே கழற்றுவதில்லை. அதே கையால்தான் அடுத்து, தன் கண்ணீரும் அவளுடைய இரத்தமும் பட்ட கட்டைவிரலால், குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறான். நல்லவன் ஒருவன் கைக்கு அதிகாரம் வந்தால் என்ன ஆவான் என்று நம்மைக் கலங்க வைத்துவிட்டு ஜேம்ஸ் நிறுத்திவிடுகிறார். படத்தின் தியோ வயிற்றில் குண்டுக் காயத்தோடு படகிலேயே இறந்துவிடுவதால், அந்தச் சோதனைக்கு அவன் ஆளாவதே இல்லை. 'டுமாரோ' என்னும் கப்பல் பனிமூட்டத்தில் வருகிறது, திரை இருண்டதும் குழந்தைகளின் சிரிப்பு கேட்கிறது. படத்தின் அரசுக்கு முகம் இல்லை. சீருடைகளும் கூண்டுகளும் ஒலிபெருக்கிகளும்தான் இருக்கின்றன. நல்ல மனிதர்களும் வார்டன் ஆகக்கூடும் என்ற நாவலின் அச்சம் அதனால் படத்தில் இடம்பெறாமலே போய்விட்டது. இதைப் பேசிய விமர்சனம் ஏதேனும் உங்கள் பார்வைக்கு வந்திருந்தால் தயவுசெய்து இங்கே குறிப்பிடுங்கள். எங்கள் சந்திப்பில் நான் இந்தக் கடைசி அத்தியாயத்தைத்தான் வாசிக்கப் போகிறேன்.